ஏழை வீட்டுக்குள் வருமா இணையக் கல்வி?

- மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை



வளரும் நாடுகளின் வறுமையைப் போக்க இணையவழிக் கல்விதான் வழி என்று இன்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். கட்டுரைப் போட்டி என்றால் நம்மில் பாதிப் பேர் இந்தத் தலைப்பைத்தான் எடுக்கிறோம். ஒரு செல்போனும் கொஞ்சம் டேட்டாவும் இருந்தால் குக்கிராமத்துப் பிள்ளையும் உலகத்தின் பெரிய பேராசிரியரிடம் பாடம் கேட்கலாம், படித்தால் வேலை, வேலை கிடைத்தால் வறுமை போச்சு! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் எலக்ட்ரிக்கல்காரர்கள். சப்ளையிலிருந்து லோடு வரைக்கும் லைன் எந்த இடத்தில் கட் ஆனாலும் பல்பு எரியாது என்பது எங்களுக்கு முதல் வருடமே தெரிந்துவிடும். அதுபோலப் பாடத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் ஓடுகிற லைனை ஒவ்வொரு இடமாக டெஸ்டர் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். (மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் உவமையைப் பொறுத்துக்கொள்ளவும்.)

பாடம் இலவசம், மற்றதெல்லாம் காசு

பாடத்துக்குப் பஞ்சமில்லை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போடப்போவதாக 2001-ல் அறிவித்தது. நம் நாட்டில் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-ல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2012-ல் கோர்செரா, எடெக்ஸ் ஆகியவை வந்தன. 2017-ல் மத்திய அரசின் ஸ்வயம் வந்தது. எலக்ட்ரிகல் மெஷின்ஸ் ஆகட்டும், பவர் எலக்ட்ரானிக்ஸ் ஆகட்டும், நாம் ஆயுசு முழுக்கப் பார்த்தாலும் தீராத அளவுக்கு வீடியோக்கள் கிடக்கின்றன.

ஆனால் அந்த வீடியோவைப் பார்க்கப் போன் வேண்டும், போனுக்கு டேட்டா வேண்டும், சார்ஜ் போடக் கரண்ட் வேண்டும். 2024-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகத்தில் 260 கோடி மக்கள் இணையத்தையே பயன்படுத்தவில்லை. குறைந்த வருமான நாடுகளில் நூற்றுக்கு 27 பேர்தான் இணையத்தில் இருந்தார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் சுமார் 60 கோடிப் பேர் வீட்டில் மின்சாரமே இல்லை. டேட்டா செலவு ஒருவருடைய மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்று ஐ.நா.வின் பிராட்பேண்ட் கமிஷன் ஓர் இலக்கு வைத்தது. ஆப்பிரிக்காவின் பல நாடுகள் அதை எட்டவில்லை. இந்தியாவில் 2016-க்குப் பிறகு டேட்டா மலிவாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனாலும் தினக்கூலி வீட்டில் மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் ரீசார்ஜ் என்றால் அது அரிசிக் கணக்கோடு சேர்ந்துதான் வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. 2020-ல் பள்ளிகள் மூடியபோது நான் எட்டாம் வகுப்பு, என் அண்ணன் பத்தாம் வகுப்பு. வீட்டில் ஒரே ஒரு டச் போன், அதுவும் அப்பாவுடையது. அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். லாரி வந்தால் மேஸ்திரி போனில்தான் கூப்பிடுவார். அதனால் விடியற்காலையில் அப்பாவோடு போன் போய்விடும். ஆன்லைன் வகுப்பு காலை ஒன்பதரைக்கு. போன் வீடு திரும்புவது மதியம் இரண்டு மணிக்கு. வந்த பிறகு வாட்ஸ்அப்பில் இருக்கும் வீடியோவை முதலில் அண்ணன் பார்ப்பான், மிச்சம் டேட்டா இருந்தால் நான். அந்த வருடம் பத்தாவதுக்குப் பரீட்சை இல்லை, எல்லோரும் பாஸ். பாஸ் என்று பேப்பர் வந்தது, பாடம் மண்டைக்குள் வரவில்லை. பதினொன்றாம் வகுப்புக் கணக்கு அவனுக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை. நாலு மாதத்தில் நின்றுவிட்டான். இப்போது ஒரு குடோனில் வேலை பார்க்கிறான். எங்கள் குடும்பத்தில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான் என்று சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொல்லும்போது, அந்த இடம் அவனுக்கு வந்திருக்க வேண்டியது என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

எங்கள் வீடு மட்டுமல்ல. அந்த வருடம் உலகம் முழுக்கச் சுமார் 160 கோடி மாணவர்கள் பள்ளிக்கு வெளியே நின்றார்கள். 3 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் 130 கோடிப் பேர் வீட்டில் இணையம் இல்லை என்று 2020-ல் யுனிசெஃப் சொன்னது. நம் நாட்டு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி 2017-18-ல் கிராமத்து வீடுகளில் இணைய வசதி இருந்தது நூற்றுக்குச் சுமார் 15 வீடுகளில்தான். ஒரு வீட்டில் ஒரு போன் என்றால் அது யார் கைக்கு முதலில் போகும், யார் கைக்குக் கடைசியில் வரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மொபைல் இணையம் பயன்படுத்துவதில் ஆண்களைவிடப் பெண்கள் ரொம்பப் பின்னால் இருக்கும் பகுதிகளில் நம் தெற்காசியாவும் ஒன்று.

மங்கோலியாவின் கெட்டிக்காரப் பையன்

சரி, போனும் டேட்டாவும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது லைன் முழுசாகிவிடுமா? இதற்கு நம் துறைக்கே சொந்தமான ஓர் உதாரணம் உண்டு.

2012-ல் எம்.ஐ.டி. முதல் முதலாக உலகத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று ஓர் இணையப் பாடம் நடத்தியது. பாடம் என்ன தெரியுமா? சர்க்யூட்ஸ் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்! நமக்கு இரண்டாம் வருடம் வருகிற சமாச்சாரத்தின் பெரிய அண்ணன். சேர்ந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பாஸ் செய்தவர்கள் சுமார் 7,000. அதாவது நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. (நம் எம்-3 ரிசல்ட் எவ்வளவோ தேவலாம்.) முழு மதிப்பெண் வாங்கியவர்கள் 340 பேர். அவர்களில் ஒருவன் மங்கோலியாவின் தலைநகர் உலான்பாட்டரில் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த 15 வயதுப் பையன் பட்டுஷிக் மியாங்கன்பயார். பிறகு அவனுக்கு எம்.ஐ.டி.யிலேயே இடம் கிடைத்தது. தங்கச்சி வீட்டு வாசலில் விளையாடும்போது கராஜிலிருந்து கார் வெளியே வந்தால் எச்சரிக்க ஒரு சைரன் செய்து வைத்தானாம் அந்தப் பையன்.

இந்தக் கதையை இணையக் கல்வியின் வெற்றிக்குச் சாட்சியாகப் பல பேர் சொல்வார்கள். பாதிக் கதையைத்தான் சொல்வார்கள். மீதிப் பாதி இதுதான்: அந்தப் பள்ளியின் முதல்வரே எம்.ஐ.டி.யில் படித்து முடித்த முதல் மங்கோலியர். அவர் பிள்ளைகளை அந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டதோடு நிற்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு நண்பரை வரவழைத்தார். அவர் பெட்டிகளில் லேப் சாமான்களோடு வந்து, திரையில் பார்த்த சர்க்யூட்டைக் கையால் கட்டிப் பார்க்க வைத்தார். பையன் கெட்டிக்காரன் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவன் தனியாக உட்கார்ந்து வீடியோ பார்த்து முன்னேறினான் என்பது சரியல்ல. பக்கத்தில் ஆள் இருந்தது, மேஜையில் மல்டிமீட்டர் இருந்தது.

பக்கத்தில் ஆள் இல்லாமல் மெஷினை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பார்க்கலாம். 'ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப்' என்ற திட்டத்தில் அந்த நாட்டு அரசு 8 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்களை வாங்கியது. 319 கிராமப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012-ல் அறிக்கை வெளியிட்டார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டரை ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மார்க் கூடவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இன்டர்நெட்டும் இல்லை, அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று வாத்தியாருக்குச் சொல்லிக் கொடுக்கவும் போதிய ஏற்பாடு இல்லை.

அதற்கு நேர் எதிர் மெக்சிகோ. அங்கே கிராமங்களில் பாடத்துக்கு ஒரு வாத்தியார் போட ஆள் இல்லாததால் 1968-லேயே டெலிசெகுந்தாரியா என்ற பள்ளிகளை ஆரம்பித்தார்கள். டி.வி.யில் கொஞ்ச நேரம் பாடம் ஓடும். அது முடிந்ததும் வகுப்பில் இருக்கும் ஒரே ஆசிரியர், எல்லாப் பாடத்துக்கும் அவர்தான், பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகத்தில் உள்ள பயிற்சிகளைச் செய்ய வைப்பார். இன்றும் பத்து லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் இப்படிப் படிக்கிறார்கள். இந்தப் பள்ளிகள் வந்ததால் கூடுதல் வருடங்கள் படித்தவர்களின் பிற்கால வருமானம் உயர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். இணையமே இல்லாத காலத்துக் கருப்பு வெள்ளை டி.வி. செய்ததை லேப்டாப் செய்யவில்லை பாருங்கள்!

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா. 2020-ல் பள்ளி மூடியபோது அங்கே சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் கணக்கு அனுப்பினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே எஸ்.எம்.எஸ்.; கூடவே வாரம் ஒரு தடவை பதினைந்து, இருபது நிமிடம் ஒருவர் போனில் பேசினார். பெற்றோரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் போட வைத்தார். சாதாரண பட்டன் போன் போதும், இன்டர்நெட் வேண்டியதில்லை. எஸ்.எம்.எஸ். மட்டும் வந்த வீட்டில் பெரிதாக மாற்றம் இல்லை. ஆள் பேசிய வீட்டில் பிள்ளைகள் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலில் முன்னேறினார்கள். பிறகு இதை இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா, உகாண்டா என்று ஐந்து நாடுகளில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் பலன் தெரிந்தது. எங்கள் வீட்டுக்கும் அப்படி வாரம் ஒரு போன் வந்திருந்தால், மதியம் இரண்டு மணிக்குமேல் வந்திருந்தால்கூட அண்ணனுக்குப் போதும்.

காயில் கடை அண்ணன்

இதுவரை சொன்னதெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் கதை. வறுமை குறைய வேண்டுமானால் படித்த படிப்பு கூலியாக மாறவேண்டும். அது எப்படி மாறுகிறது என்பதை நான் இன்பிளான்ட் ட்ரெயினிங் போன இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் பார்த்தேன்.

அந்தக் கடைக்காரர் அண்ணன் ஆறாவதோடு நின்றவர். பன்னிரண்டு வயதில் இந்தத் தொழிலுக்கு வந்தவர். சீலிங் ஃபேனுக்குக் காயில் கட்டுவதுதான் அவருக்குத் தினப்படி வருமானம். சில வருடங்களாக பி.எல்.டி.சி. ஃபேன் வரத் தொடங்கியது. பழைய ஃபேன் 70, 75 வாட்ஸ் இழுக்கும் என்றால் இது 30 வாட்ஸ் அளவில்தான் ஓடும். கரண்ட் பில் குறைகிறது என்று ஜனங்கள் மாற ஆரம்பித்தார்கள். இந்த ஃபேனில் பெரும்பாலும் காயில் போகாது. உள்ளே இருக்கும் டிரைவர் போர்டுதான் போகும். போர்டு என்றால் டையோடு, கெபாசிட்டர், மாஸ்ஃபெட். அவருக்கு அது புதுசு. வருகிற ஃபேனையெல்லாம் "நம்ம கடையில ஆகாதுங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். தொழிலே கையை விட்டுப் போயிடுமோ என்று பயந்த சமயத்தில்தான் யூடியூப் பார்க்க ஆரம்பித்தாராம்.

"தமிழ்ல அப்ப அவ்வளவா இல்ல பாப்பா. எல்லாம் இந்தி. சவுண்ட நிறுத்திட்டு அவன் கைய மட்டும் பாப்பேன். மீட்டர எங்க வைக்கிறான், என்ன ரீடிங் வருது, எதக் கழட்டுறான். அவ்வளவுதான்."

இப்போது வாரத்துக்கு ஏழெட்டு போர்டு பார்க்கிறார். பழைய காயில் வேலையும் விடவில்லை. பக்கத்துத் தெருப் பையன் ஒருவனைக் கூட வைத்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்களே, இணையக் கல்வியால் வருமானம் கூடிய ஓர் ஆளை நான் நேரில் பார்த்தது இங்கேதான். யோசித்துப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. அவரிடம் சாலிடரிங் அயர்ன் இருந்தது, பழகிய கை இருந்தது, கடை இருந்தது, தேடி வருகிற வாடிக்கையாளர் இருந்தார்கள். லைனில் கட் ஆகியிருந்தது ஒரே ஒரு இடத்தில், போர்டைப் பற்றிய அறிவில். வீடியோ அந்த இடத்தில் ஜாயின்ட் போட்டது, பல்பு எரிந்தது. என் அண்ணன் விஷயத்தில் நாலு இடத்தில் கட். அங்கே எத்தனை வீடியோ அனுப்பினாலும் வோல்டேஜ் போய்ச் சேராது. வீடியோ மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. எந்த இடத்தில் கட் ஆகியிருக்கிறது என்று பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒரே மருந்தாக அதைக் கொடுப்பதுதான் தப்பு.

இன்னொன்றும் உண்டு. அந்த அண்ணனுக்குச் சர்டிபிகேட் தேவையில்லை, ஃபேன் சுற்றினால் போதும். நமக்கு அப்படி இல்லை. இன்டர்வியூவில் போய் "யூடியூப்ல பார்த்தேன் சார்" என்று சொன்னால் சிரிப்பார்கள். அதனால் பாடத்தோடு, நம்பக்கூடிய பரீட்சையும் வேண்டியிருக்கிறது. என்.பி.டி.இ.எல்.லில் 2014 முதல் சர்டிபிகேட் தருகிறார்கள். பாடம் இலவசம், பரீட்சைக்கு மட்டும் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுதவேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பும் அப்படித்தான். பாடம் இணையத்தில், பரீட்சை நேரில். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. வீட்டிலிருந்தே எழுதலாம் என்றால் வசதிதான். ஆனால் நேரில் எழுதுவதால்தான் அந்தப் பேப்பருக்கு மதிப்பு இருக்கிறது என்பது என் கருத்து. நம் மாநிலத்தில் 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பாலிடெக்னிக் மாணவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறோம். அதில் லாக்-இன் செய்து வைத்துவிட்டு வீடியோவைத் தானாக ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை, பயப்பட வேண்டாம்!

நம் யூனியனுக்கு ஒரு வேண்டுகோள்

பெரிய நாடுகளைப் பற்றி எழுதிவிட்டு நம் கல்லூரியைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. இங்கே சொந்த லேப்டாப் இல்லாதவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டர் லேப் நாலேகாலுக்குப் பூட்டப்படுகிறது. பாடத்துக்கு நெட் வேண்டும் என்பதும்கூட இல்லை. கோலிப்ரி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. பாடங்களை ஒரு முறை இறக்கி ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும், அந்த அறையில் இருக்கிற எல்லாப் போனிலும் வைஃபை மூலம் பார்க்கலாம். ஒருவருக்கும் டேட்டா செலவாகாது. நெட் இல்லாத ஊர்களிலும் அகதி முகாம்களிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். ராஸ்ப்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரிலேயே இது ஓடும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு வருடா வருடம் அதே 'ஆட்டோமேட்டிக் ஸ்ட்ரீட் லைட்' செய்வதற்குப் பதிலாக ஒரு பேட்ச் இதைச் செய்து கல்லூரிக்கே விட்டுவிட்டுப் போகலாமே!

ஆனால் மேலே சொன்ன பெரு நாட்டுக் கதை இங்கேயும் நடந்துவிடக்கூடாது. பெட்டியை மட்டும் வைத்தால் பத்து நாளில் அதில் தூசிதான் படியும். அதனால் யூனியன் கேட்க வேண்டியது மூன்று. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் லேப் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டாஃப் ஒருவரோ, அரியர் இல்லாத சீனியர் ஒருவரோ கூட உட்கார்ந்திருக்க வேண்டும். சீனியர் என்றால் நான் தயார், மெஷின்ஸ் பாடத்துக்கு. வீடியோவில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பார்த்த வாரமே மெஷின்ஸ் லேபில் அதைக் கனெக்ஷன் கொடுத்துப் பார்க்க விடவேண்டும், ரெக்கார்டு நோட்டுக்காக மட்டும் அல்ல.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாஸ்டல் மாணவர்கள் ஏழு மணி, ஏழரை மணி என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எங்கள் பக்கத்துக்குக் கடைசி டவுன் பஸ் ஆறே முக்காலுக்கு. அதில் வருகிற மாணவிகள் ஒன்பது பேர் இருக்கிறோம். கல்லூரி கேட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கப் பத்து நிமிடம் ஆகும். ஆறரைக்குள் முடிகிற மாதிரி நேரத்தைப் போடச் சொல்லுங்கள்.